அரை நொடிக்கு ஒரு படம்

அக்கா ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளன்று வீட்டில் அனைவரும் கூடியிருக்கும்போது திரையிடுவதற்காக, இரண்டரை நிமிட இசைக்கு விரைவாக மாறும் புகைப்படத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினேன். ஸ்லைடு ஷோ என்றால் படங்களை வரிசையாக அடுக்கி, பின்னால் ஒரு பாட்டைச் சேர்ப்பது என்ற அளவில்தான் அதுவரை எனக்குத் தெரியும். ஒரு படம் ஐந்து நொடி திரையில் நிற்கும் தொகுப்புக்கு அந்த அறிவு போதும். அரை நொடிக்கு ஒரு படம் மாற வேண்டுமென்றால் கண், காது, கணக்கு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று வார வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. நான் தேர்ந்தெடுத்த இசையின் வேகம் நிமிடத்துக்கு 128 பீட், அதாவது 128 தாளத் தட்டு. அறுபதை 128 ஆல் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் 0.46875 நொடி. என் வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனி நிலைப்படங்கள், கொண்டது என்பதால், ஒரு பீட்டுக்கு 14.0625 ஃபிரேம் வருகிறது. ஃபிரேமைப் பாதியாக வெட்ட இயலாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் 14 ஃபிரேம் என்று வைத்து, டைம்லைனில், அதாவது மென்பொருளில் படங்களை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் இறக்கினேன். தொடக்கம் மிகச் சரியாக இருந்தது. அரை நிமிடம் கடந்ததும் ஏதோ இடறியது. ஐம்பத்திரண்டாவது நொடியை நெருங்கும்போது ஒவ்வொரு படமும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில், தாளம் தப்பிய கைத்தட்டல் போல விழுந்தது. பிறகு, வியக்கும்படியாக, ஒன்றே முக்கால் நிமிடத்தில் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது.

காரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. ஒரு பீட்டுக்கு 0.0625 ஃபிரேம் என்பது ஒன்றுமே இல்லாத பிசகு. ஆனால் 112 பீட் கடந்ததும் அது 7 ஃபிரேமாக, அதாவது சரியாக அரை பீட்டாக வளர்ந்துவிடுகிறது. 224 பீட்டில் 14 ஃபிரேமாகி, ஒரு முழு பீட் முன்னே போய்விடுவதால் மறுபடியும் பொருந்துவது போலத் தோன்றுகிறது. இதற்குத் தீர்வு எளியது. ஒவ்வொரு படத்துக்கும் நீளம் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வெட்டும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது ஃபிரேமில் விழ வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை முழுமையாக்க வேண்டும். அப்படிச் செய்தால் பதினைந்து படங்கள் 14 ஃபிரேமும், பதினாறாவது படம் 15 ஃபிரேமும் நிற்கும். அந்த ஒரு ஃபிரேம் வேறுபாட்டை யாராலும் உணர முடியாது, ஆனால் பிசகு எங்கும் சேர்ந்துகொண்டே போகாது.

இந்தக் கணக்கெல்லாம் கணினியில் சீரான வேகத்தில் அமைக்கப்பட்ட இசைக்குத்தான் பொருந்தும். மனிதர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவு செய்த இசை மூச்சு விடுவதைப் போலக் கூடியும் குறைந்தும் நகரும். அதற்குப் பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் விசையைத் தட்டித் தட்டி டைம்லைனில் மார்க்கர் எனும் அடையாளக் குறி வைப்பதே வழி. ஆனால் தாளத்தோடு சேர்ந்து தட்டும் மனித விரல், ஒலிக்குச் சில பத்து மில்லி நொடிகள் முன்னதாகவே தட்டிவிடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஒன்று. நாம் ஒலியைக் கேட்டுத் தட்டுவதில்லை, எதிர்பார்த்துத் தட்டுகிறோம். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லி நொடி. ஆகவே தட்டி வைத்த மார்க்கர்கள் ஓரிரு ஃபிரேம் முன்னால் இருக்கக்கூடும் என்பதை மனதில் கொண்டு, ஒலி அலையின் படத்தைப் பெரிதாக்கி, முரசொலி எழும் முனையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

சரிசெய்யும்போது ஐயம் வந்தால், படம் ஒரு ஃபிரேம் முந்துவதே மேல், பிந்தக் கூடாது. ஒளிபரப்புத் துறைக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவுகளின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்கிவிடுகிறார்கள். ஒலி பிந்தினாலோ 125 மில்லி நொடி வரை உணர்வதில்லை. மின்னலுக்குப் பின் இடி கேட்டுப் பழகிய காதுகள் அல்லவா நமக்கு.

கணக்கைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கண்தான். அரை நொடியில் ஒரு மனிதர் ஒரு படத்தைப் பார்த்துவிட முடியுமா என்றால், தாராளமாக முடியும். மேரி பாட்டர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொன்றும் வெறும் 13 மில்லி நொடி மட்டுமே காட்டப்பட்ட படங்களின் வரிசையில்கூட, குறிப்பிட்ட ஒரு படம் இருந்ததா என்பதைப் பங்கேற்றவர்களால், தற்செயலாக ஊகிப்பதைவிடக் கூடுதலாகச் சொல்ல முடிந்தது. ஆனால் அதே பாட்டர் 1970களிலேயே கண்டறிந்த இன்னொரு உண்மைதான் நமக்கு முக்கியமானது. படங்களை அடுத்தடுத்து விரைவாகக் காட்டும்போது, ஒவ்வொன்றையும் மனம் புரிந்துகொள்கிறது. நினைவில் பதிய வைப்பதற்குள் அடுத்த படம் வந்து அதைத் தள்ளிவிடுகிறது. புரிவதற்கு வேண்டிய நேரம் குறைவு, பதிவதற்கு வேண்டிய நேரம் அதிகம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறைதான் இடம் மாறுகிறது. முதல் படத்தில் முகம் இடது ஓரத்திலும் அடுத்த படத்தில் வலது ஓரத்திலும் இருந்தால், கண் அங்கே போய்ச் சேர்ந்து நிலைகொள்வதற்குள் பாதி நேரம் கழிந்துவிடும். முகம் அதே இடத்தில் இருந்தாலோ, கிடைத்த நேரம் முழுவதும் பார்ப்பதற்கே பயன்படும். ஆகவே விரைவுத் தொகுப்பில் படங்களைக் காலவரிசையைக் காட்டிலும் கண் தங்கும் இடத்தை வைத்து அடுக்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. வேகம் மாறாமலேயே ஒரு தொகுப்பு பதற்றமாகத் தெரிவதற்கும் பாய்ந்தோடுவதாகத் தெரிவதற்கும் இந்த ஒரு வேறுபாடே போதுமானதாக இருக்கிறது.

அக்காவிடம் 32 வகுப்புப் படங்கள் இருந்தன, ஆண்டுக்கு ஒன்று. தொடக்க ஆண்டுகளில் அவள் வரிசையின் கடைசியில் நிற்கிறாள். பிறகு ஓரத்து நாற்காலி. போகப்போக நடுவில் அமர்ந்திருக்கிறாள். அந்தப் படங்களை அரை பீட்டுக்கு ஒன்றாக, ஏழரை நொடியில் ஓடவிட வேண்டும் என்று நினைத்தேன். 1920க்கு 1080 அளவுள்ள திரையில், மேலிருந்து 360 ஆவது புள்ளியில் ஒரு கிடைக்கோடும் நட்டநடுவில் ஒரு செங்குத்துக் கோடும் வரைந்துகொண்டு, ஒவ்வொரு படத்திலும் அவளுடைய இரண்டு கண்களும் அந்தக் கோட்டின் மேல், ஒரே இடைவெளியில் அமையும்படி பெரிதாக்கியும் நகர்த்தியும் சாய்த்தும் வைத்தேன். ஓரத்தில் நின்ற முகத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் வெறுமையாகிவிடும் என்பதால், அத்தகைய படங்களை மேலும் பெரிதாக்க வேண்டியிருந்தது. தாளில் இருந்த பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்திருந்தது அங்கேதான் கைகொடுத்தது. நான்கு இரவுகள் பிடித்தன. ஓடவிட்டபோது, ஒரே முகம் திரையின் நடுவில் அசையாமல் இருக்க, அதைச் சுற்றி 32 ஆண்டுகள் சுழன்று மறைந்தன. தலைமுடி நரைப்பதும் கண்ணாடி வருவதும் தெரிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் கரைந்து அடுத்த படமாகும் கிராஸ்ஃபேட் இந்த வேகத்தில் உதவாது. நேரடி வெட்டு ஒன்றே போதும். படத்தை மெல்ல நெருங்கும் அசைவு 14 ஃபிரேமில் நடுக்கமாகத்தான் தெரியும். எட்டு பீட் நிற்கும் படங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன். ஃபோனில் எடுத்த 12 மெகாபிக்சல் படங்களை அப்படியே டைம்லைனில் போட்டால் முன்னோட்டம் திக்கித் திக்கி ஓடும், திக்கும் முன்னோட்டத்தை வைத்துத் தாளத்தை மதிப்பிட முடியாது. எனவே அவற்றையெல்லாம் முதலிலேயே திரையின் அளவுக்குச் சிறிதாக்கிவிட வேண்டும்.

ஒளி விஷயத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மிக விரைவாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து, அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய உள்ளடக்கத்துக்கு இன்று வகுக்கப்பட்டிருக்கும் பாதுகாப்பு வரம்பு. ஒரு வெளிச்சமும் ஒரு இருட்டும் சேர்ந்ததே ஒரு மின்னல். என் வேகத்தில் அரை பீட்டுக்கு ஒன்றாக வெளிச்சப் படமும் இருட்டுப் படமும் மாறி மாறி வந்தால் நொடிக்கு இரண்டு மின்னலுக்குச் சற்று மேல். கால் பீட்டுக்குப் போனால் நான்கைத் தாண்டிவிடும். கால் பீட் வெட்டுகளை முற்றிலும் தவிர்த்தேன். குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து பார்க்கும் ஒன்றில் இதை அலட்சியம் செய்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

திரையிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒத்திகை பார்த்தபோது மறுபடியும் எல்லாம் தாளம் தப்பியது. இம்முறை பிசகு கோப்பில் இல்லை. ஒலியைப் புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பியிருந்தோம். கம்பியில்லாமல் போய்ச் சேருவதற்குள் ஒலி 200 மில்லி நொடி அளவுக்குத் தாமதமாகக்கூடும். அது இந்த இசையில் ஏறத்தாழ அரை பீட். கம்பியால் இணைத்தவுடன் சரியாகிவிட்டது.

எல்லோரும் பார்த்தார்கள், கைதட்டினார்கள், மறுபடி போடச் சொன்னார்கள். அக்கா மட்டும் இரண்டாம் முறை முடிந்ததும் என்னை அருகே அழைத்து, "நல்லா இருக்குடா. ஆனா பிள்ளைங்க ஒருத்தரையும் பாக்க முடியலையே" என்றாள். பார்ப்பவர்களின் கண் அவள் முகத்தை விட்டு அகலக் கூடாது என்பதற்காகத்தான் நான்கு இரவுகள் உழைத்திருந்தேன். அவளுடைய கண்ணோ தன் முகத்தை விட்டுவிட்டு மற்ற முகங்களைத் தேடியிருக்கிறது, ஏழு ஃபிரேமில் அது நடக்காத காரியம்.

அடுத்த வாரம் அந்த 32 படங்களையும் பெரிதாக்காமல், வெட்டாமல், முழு வகுப்பும் தெரியும்படி, இசை இல்லாமல் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தேன். முதல் படத்திலேயே அவள் கால் மணி நேரம் நின்றுவிட்டாள். இடது கோடியில் இருக்கும் சிறுவனிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.