வாடகைக் காருக்கு கேமரா சலான் (அபராத நோட்டீஸ்) வந்தால்: மலைக்கு வண்டி எடுத்து வருபவர்களுக்கு

கோவையில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து ஊட்டி வந்து திரும்பிய சில நாளில் செய்தி வரும்: "உங்கள் பயணத்தில் அபராதம் விழுந்திருக்கிறது, டெபாசிட்டில் பிடித்துக்கொண்டோம்." பெரும்பாலானோர் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்த நிமிடத்தில் வண்டி யார் கையில் இருந்தது என்பதுதான் இதில் ஒரே கேள்வி. அதைக் காட்டும் ஆதாரம் உங்களிடமே இருக்கும்.

போலீஸ் நிறுத்தி, கையில் இருக்கும் மெஷினில் போடும் சலானில் ஓட்டியவரின் லைசென்ஸ் எண் ஏறும். அதில் பேச்சுக்கே இடமில்லை. கேமரா போடுவது அப்படி இல்லை. அதற்கு நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். எஸ்எம்எஸ் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பதிவான உரிமையாளரின் மொபைலுக்குப் போகும். ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 133ஆம் பிரிவுப்படி உரிமையாளருடையது. சலான் பாக்கி நின்றால் எஃப்சி (தகுதிச் சான்று), பர்மிட் வேலைகள் இழுபறியாகும் என்பதால் வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் முதலில் டெபாசிட்டில் கை வைக்கிறார்கள். அவர்கள் அவசரம் நியாயம்தான். ஆனால் சலான் நகலைக் காட்டாமல் பணம் பிடிப்பது நியாயம் இல்லை.

முதலில் சலான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் அதைப் போட்டால் விவரம் வரும். எண் தர இழுத்தடித்தால் வண்டி எண்ணை வைத்தும் தேடலாம், ஆனால் சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும். வண்டி எடுக்கும்போதே ஆர்சியை போட்டோ எடுத்து வைத்தால் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இனி சலானில் இருக்கும் கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவசரப்படாமல். முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. படத்தில் வெள்ளை பிளேட் தெரிந்தால் அது வேறு வண்டி. எட்டும் (8) ஆங்கில B-யும், சைபரும் (0) D-யும் கேமராவுக்குக் குழம்பும். எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். காரின் நிறம், மாடலையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தது நேரம். சலான் போட்ட தேதி வேறு, மீறல் நடந்த தேதி வேறு. பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. படத்தின் மேல் அச்சாகியிருக்கும் தேதியும் மணியுமே கணக்கு. 01:10 என்றிருந்தால் அது நள்ளிரவு தாண்டிய ஒன்று பத்து, மதியம் இல்லை.

அந்த நேரத்தை வண்டி வாங்கிய, திருப்பிக் கொடுத்த நேரத்தோடு வைத்துப் பாருங்கள். ஆப்பில் பதிவான நேரம், ஓடோமீட்டர் போட்டோ, டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் கழிந்த எஸ்எம்எஸ் எல்லாம் உதவும். வெளியூர் வண்டிகள் மலையேற எடுக்க வேண்டிய நீலகிரி இ-பாஸில் வண்டி எண்ணும் பயணத் தேதியும் இருக்கும். அது நிமிடக் கணக்குக்கு ஆகாது, ஆனால் எந்த நாளில் வண்டி உங்களிடம் இருந்தது என்பதற்குத் துணை நிற்கும். இன்னொன்று: கடைசி நேரத்தில் வாடகைக்கு விடுபவர் வேறு கார் கொடுத்தால் இ-பாஸையும் புது எண்ணுக்கு எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடிவாரத்தில் கல்லாறு சோதனைச்சாவடியிலேயே நிற்க வேண்டி வரும். நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகவோ பாட்டவயல் வழியாகவோ கேரளாவுக்குள் இறங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கேரளாவில் 726 கேமராக்களை வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடுகிறார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாததும் அதில் விழும். மலைவளைவில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அப்படியே எல்லை தாண்டுபவர்கள் மாட்டுவது இதில்தான்.

பெரும்பாலும் தொகை பெரிதில்லை. காரில் அதிவேகத்துக்குச் சட்டப்படி 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் சீட் பெல்ட்டுக்கு 1,000. ஓட்டும்போது போனில் பேசினால் முதல் முறை 1,000, மறுபடி மாட்டினால் 10,000. இதற்கு மேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று பிடித்தால் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தவறு உங்களுடையது என்றால் கட்டிவிடுவதே நல்லது. இல்லையென்றால் ஆதாரங்களைச் சேர்த்து வாடகைக்கு விட்டவருக்கு எழுத்தில், மெயிலில், அனுப்புங்கள். போனில் பேசியது நிற்காது. பரிவாகன் இ-சலான் தளத்தில் புகார் கொடுக்கவும் வழி உண்டு. சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் நீதிமன்றத்துக்கு, போய்விட்டால் அந்தக் கோர்ட்டின் தளத்தில்தான் கட்ட வேண்டும். வழக்கை எதிர்க்கிறேன் என்று தேர்வு செய்தால் அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். 2021 ஆகஸ்டில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மீறல் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்றும், சலான் முடியும்வரை பதிவைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. படமே இல்லாத சலானைக் காட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் "சலான்" என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். அது உங்கள் வங்கிக் கணக்கைக் குறிவைத்த மோசடி. குறைந்த வாடகைக்கு வெள்ளை போர்டு கார் தருகிறார்கள் என்று எடுக்கவும் வேண்டாம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது பர்மிட் மீறல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

டெபாசிட்டில் பணம் பிடித்துவிட்டார்கள் என்பதால் சலான் முடிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. பணம் செலுத்திய ரசீதை வாங்கி, ஒரு வாரம் கழித்துத் தளத்தில் திரும்பப் பாருங்கள். இன்னும் 'பெண்டிங்' என்றே காட்டினால், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு அன்றே எழுதிக் கேளுங்கள்.