பெரியம்மாவின் கொப்பி

பெரியம்மாவின் கைப்பையில் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கொப்பி இருக்கும். மட்டை கழன்று, நூலால் இரண்டு தரம் தைத்த கொப்பி. தாள் ஓரங்களில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. ஓரிடத்தில் தட்டையாகிப்போன நந்தியாவட்டைப் பூ ஒன்று. முன்பக்கத்திலிருந்து, இருப்பவர்களின் பெயரும் நட்சத்திரமும். கொப்பியைக் கவிழ்த்துத் திருப்பினால், பின்பக்கத்திலிருந்து காலமானவர்கள், திதியோடு. குடும்பத்தில் ஒருவர் போனால் முன்னால் ஒரு கோடு விழும், பின்னால் ஒரு வரி கூடும்.

1984இல் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவிலிருந்து கனடாவுக்குப் போனவ. இரவில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கி, பகலில் பிள்ளைகளைப் பார்த்து, தம்பிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டா. கடன் முடிந்த பிறகுதான் பயணங்கள் தொடங்கின. சிதம்பரம், காசி, பத்துமலையின் 272 படிகள், ஜெர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் தேர். எங்கே போனாலும் கொப்பியும் போகும். "ஊர் பார்க்கவோ போறன் பிள்ளை? இவ்வளவு பேருக்கும் ஆர் கும்பிடுறது?" என்பா.

இம்முறை வந்தது சித்திராப் பௌர்ணமிக்கென்றே. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. அது எங்கள் ஊர் வழக்கம். அம்மம்மா 1996இல் கண்ணை மூடினா. பெரியம்மாவால் வர முடியவில்லை. கடிதம் கனடாவில் ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. அப்போது யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள கீரிமலை இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அந்தியேட்டிக்கென்றே எங்கள் சனம் போகிற இடம் அது. அங்கே போகாமலே அம்மம்மாவின் காரியம் முடிந்தது என்பதைத்தான் பெரியம்மாவால் இத்தனை வருடமும் தாங்க முடியவில்லை.

விடியமுன் போய்விட்டோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அறைகிறது, இந்தப் பக்கம் கேணியில் நல்ல தண்ணீர். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறியது இந்தத் தீர்த்தத்தில் என்பார்கள். பெண்கள் கேணியில் என் தோளைப் பிடித்தபடி படி படியாக இறங்கினா. மூன்றுதரம் மூழ்கினா. மூன்றாம் தரம் எழும்பும்போது "அம்மா" என்றா. அது அம்பாளைக் கூப்பிட்டதா, அம்மம்மாவையா என்று நான் கேட்கவில்லை. ஐயருக்கு அரிசியும் மரக்கறியும் கொடுத்து, அங்குள்ள நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் பின்பக்கத்துப் பெயர்களுக்கெல்லாம் மோட்ச அர்ச்சனை செய்வித்தோம். திரும்பி வரும்போது ஊர்க் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரட்டையில் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தா.

அடுத்த நாள் நயினாதீவு நாகபூஷணி அம்மாள் கோயில். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை எல்லாம் கதைத்தபடி வந்தவ, புங்குடுதீவில் ஏறியதும் பேச்சை விட்டுவிட்டா. 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த வீடுகள் பல இன்னும் கூரையில்லாமல் நிற்கின்றன. எங்கள் வீட்டுச் சுவரை ஆலமரம் வேரால் கட்டிப் பிடித்திருக்கிறது. வாகனத்தை நிற்பாட்டட்டோ என்றேன். "வரேக்க பாப்பம். முதல் அம்மாள்."

குறிகட்டுவான் துறையில் படகுக்கு நிற்கும்போது ஸ்காபரோவிலிருந்து அழைப்பு. பெரியம்மாவின் மூத்த மகனின் மகளுக்கு ஆண்பிள்ளை. பெரியம்மாவுக்கு முதல் பூட்டப்பிள்ளை. சந்தோசத்தில் அழுவா என்று நினைத்தேன். அவ கேட்ட முதல் கேள்வி, "எத்தினை மணிக்கு?"

"அங்கத்தையில் இரவு 10.40."

"9 மணித்தியாலமும் 30 நிமிசமும் கூட்டு."

காலை 8.10. நேற்றுச் சித்திரை நட்சத்திரம், அப்படியென்றால் இது சுவாதியாக இருக்கவேண்டும் என்றா. படகு அசைய அசைய, கொப்பியை மடியில் வைத்து முன்பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே எழுதினா. கடற்காற்றுக்குத் தாள் படபடத்தது; ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். புளியந்தீவிலிருந்து நாகம் பூவெடுத்து அம்மாளுக்கு நீந்தி வந்த கடல் இது. வழியில் கருடன் மறித்ததாம். ஆளுக்கொரு கல்லில் இரண்டும் காத்திருந்தனவாம். அந்தக் கதையைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னது என் அம்மா. அம்மாவுக்குச் சொன்னது பெரியம்மா.

கோயிலில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, சுவாதிதான் என்றார். அர்ச்சனைத் தட்டத்தையும் கொப்பியையும் சேர்த்துக் கையில் வாங்கினார். 44 பேர். பின்னால் சனம் நின்றது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெரியம்மா கண்ணை மூடாமல், ஐயரின் வாயையே பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் உதடசைத்தா. பெறாமகள் என்ற இடத்தில் என் பெயரும் கேட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன், 10 நிமிடத்தில் நல்லூருக்குப் போய்க் கும்பிட முடியும். காசியிலும் பத்துமலையிலும் எனக்காக இந்தப் பெயர் வாசிக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தபோது என்னால் நிற்க முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வரியில் ஐயர் நிறுத்தினார். "பெயர்?"

"இன்னும் வைக்கேல்லை ஐயா. குழந்தை எண்டு சொல்லுங்கோ. அம்மாளுக்குத் தெரியும்."