கதவோரம் ஓர் அரிக்கேன் விளக்கு

இரவு ஜெபம் முடிந்ததும் எங்கள் விடுதிக் காப்பாளர் ஐயா அரிக்கேன் விளக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கண்ணாடிக்குள் விட்டு, கரி போகும்வரை சுழற்றுவார். திரியின் கருகிய நுனியைக் கத்தரிப்பார். விளக்கைக் காதருகே குலுக்கிப் பார்த்து, குறைந்திருக்கும் அளவுக்கு எண்ணெய் ஊற்றுவார். பிறகு அதை ஏற்றாமலே கதவோரம் வைத்து, பக்கத்தில் தீப்பெட்டியையும் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். படுத்த சிறிது நேரத்தில் அயர்ந்து தூங்கிவிடுவார்.

எட்டாம் வகுப்பில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடுமுறையில் நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் பேசியவர், கர்த்தராகிய இயேசு மறுபடியும் வரும் நாளுக்குத் தேதியே குறித்துச் சொல்லிவிட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, நாள்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். உலகமே முடியப்போகிறபோது கணக்கு எதற்கு என்று அந்தப் பாடத்தையும் விட்டுவிட்டேன். இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் கை நீட்டிப் பக்கத்துக் கட்டிலைத் தொட்டுப் பார்ப்பேன். நண்பனின் தோள் கையில் பட்டால்தான் மூச்சு வரும். கர்த்தர் வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவனும் போயிருப்பான்; அவன் இருக்கிறான் என்றால் நான் கைவிடப்படவில்லை.

அந்த நோட்டு ஐயாவின் கையில் சிக்கியது. அவர் திட்டவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். பத்துக் கன்னிகைகளின் உவமை. மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துப் பேரில், புத்தியுள்ள ஐந்து பேர் எண்ணெயும் கொண்டுபோனார்கள்; புத்தியில்லாத ஐந்து பேர் கொண்டுபோகாததால் அடைத்த கதவுக்கு வெளியே நின்றார்கள். ஐந்தாம் வசனத்தில் நிறுத்தினார்.

“தூங்கினது யார், தம்பி?”

“புத்தியில்லாத ஐந்து பேர், ஐயா.”

“மறுபடியும் வாசி.”

வாசித்தேன். ‘அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்.’ எத்தனையோ முறை கேட்ட உவமைதான். புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

“தூங்கினதற்காக யாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. எண்ணெய்தான் இல்லாமல் போயிற்று” என்றார் ஐயா. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்ததையும், சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டதையும், மறுநாள் விடிந்தபோது அவர்கள் அழுததையும் சொன்னார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, அதை மனிதன் குறிப்பது பக்தியாகாது என்றார். பிறகு, “நாளைக்குக் கணக்கு நோட்டைக் கொண்டு வா.”

குறித்த நாள் வந்தது, போயிற்று. அன்று நான் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் வயதுக்காரர் பலர், பொய்த்துப்போன தேதிகளைக் கேட்டுச் சலித்து, தேதியோடு நம்பிக்கையையும் சேர்த்தே கைவிட்டுவிட்டார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. அவர் வருவார். நான் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். கிரேக்கம் பேசிய கொரிந்து சபைக்கு எழுதும்போதும் ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல்லைப் பவுல் அப்படியே விட்டுவைத்தார். ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பயந்து நடுங்குகிறவர்கள் யாரையும் வா என்று அழைப்பதில்லை. லூக்கா 12-இல், விழித்திருக்கும் ஊழியக்காரரை எஜமானே பந்தியில் உட்காரவைத்து, தாமே அரைகட்டிக்கொண்டு பரிமாறுகிறார். தேதி சொன்ன அந்தப் பிரசங்கியார் இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தக் கட்டங்களைப் பயத்தோடு அடித்திருக்க மாட்டேன்.

ஓர் இரவு மின்சாரம் நின்றிருந்தபோது, சின்ன வகுப்புப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கினான். இருட்டில் தடவிக்கொண்டு ஓடி ஐயாவின் கதவைத் தட்டினேன். இரண்டாம் முறை தட்டக் கையை ஓங்கும்போதே கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி வந்தபோது நான் கடல் கடந்து இருந்தேன். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அன்றிரவு தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைத் தனியே வாசித்தேன். ‘கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்’ என்ற இடத்தில் நெடுநேரம் நின்றேன். அதன் பிறகுதான் உயிரோடிருக்கிறவர்கள், அவர்களோடேகூட, கர்த்தருக்கு எதிர்கொண்டுபோகிறார்கள். அன்றைக்கும் ஐயாதான் எனக்கு முன்னே எழுந்து நிற்பார்.