பார்க்காத வாதுரைக்குப் பக்கத்தில் நின்று எழுதியது

ஒரு சுரங்கத் திட்டத்துக்கு அரசு அனுமதி மறுத்தது. வெளிநாட்டு முதலீட்டாளர், தன் நாடும் அந்த நாடும் செய்துகொண்ட இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, நட்டஈடு கேட்டு, முதலீட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச மையமான இக்சிட்டில் வழக்குப் போட்டார். ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களின் தண்ணீர்க் குழு சார்பில் ‘நாங்கள் சொல்வதையும் கேளுங்கள்’ என்று மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எந்த நாடு, எந்த வழக்கு என்பதை விட்டுவிடுகிறேன். இதே மாதிரி மனுவோடு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இக்சிட் என்பது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அமைப்பு. அலுவலகம் வாஷிங்டனில் இருக்கிறது. ஆனால் வழக்கை விசாரிப்பது அந்தந்த வழக்குக்கென்று அமையும் தீர்ப்பாயம்தான். பெரும்பாலும் மூன்று நடுவர்கள். அவர்கள் முன்னால் பேச நமக்கு உரிமை கிடையாது, அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். முன்பு அதற்கும் வழி இருக்கவில்லை. பொலிவியாவின் கொச்சபம்பா தண்ணீர் வழக்கில் உள்ளூர் அமைப்புகள் பங்கேற்கக் கேட்டபோது, இரு தரப்பும் சம்மதிக்காமல் எங்களால் முடியாது என்று 2003இல் தீர்ப்பாயம் கைவிரித்துவிட்டது. 2005இல் புவனோஸ் அயர்ஸ் தண்ணீர் வழக்கில் இன்னொரு தீர்ப்பாயம், எழுத்து மூலமான கருத்தை ஏற்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அடுத்த வருடமே அது விதியாக வந்தது. 2022 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய விதிகளில் அது 67ஆம் விதி. எங்கள் மனுவும் அதன் கீழ்தான்.

அந்த விதி கேட்பதில் முக்கியமானது இது: வழக்காடும் இருவரும் சொல்லாத பார்வையோ தகவலோ உங்களிடம் இருக்க வேண்டும். சரி, அவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால், எங்கள் வழக்கில் ஒரு வாதுரைகூட, அதாவது தரப்பினர் எழுத்தில் தரும் வாதம்கூட, வெளியாகவில்லை. இக்சிட் தளத்தில் ‘முதலீட்டாளர் வாதுரை தாக்கல் செய்தார்’ என்று தேதியோடு ஒரு வரி இருக்கும். படிக்காத வாதுரையிலிருந்து நாங்கள் எப்படி வேறுபடுகிறோம் என்று நிரூபிக்க வேண்டும்!

கைகொடுத்தது நடைமுறை உத்தரவுகள், அதாவது வழக்கை எப்படி நடத்துவது என்று தீர்ப்பாயம் இடும் உத்தரவுகள். புதிய விதிப்படி உத்தரவுகள் வெளியாக வேண்டும், உத்தரவு வந்த 60 நாளுக்குள் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தெரிவித்த பகுதிகளை மறைத்துவிட்டு. முதல் உத்தரவின் இணைப்பில் கால அட்டவணை கிடைத்தது. எந்த வாதுரை எப்போது என்று தெரிந்துகொண்டோம். அதைவிட உதவியது, ஒருவரிடம் ஒருவர் ஆவணம் கேட்டதைப் பற்றிய உத்தரவு. அதில் ஒரு பெரிய அட்டவணை: எந்த ஆவணம், ஏன் வேண்டும், எதிர்த்தரப்பு ஏன் மறுக்கிறது, தீர்ப்பாயம் என்ன முடிவெடுத்தது. பாதி இடம் கறுப்புப் பட்டை. ஆனால் ‘ஏன் வேண்டும்’ என்ற பத்தியில் மிஞ்சிய வரிகளை வைத்தே சண்டை எங்கே நடக்கிறது என்று பிடித்துவிட்டோம். சண்டை முழுக்க அனுமதி நடைமுறை பற்றியது. யார் எந்தக் கடிதம் எழுதினார், எந்தக் கெடு தவறியது, இதுதான். கிணறு, ஊற்று பற்றிய பேச்சே தென்படவில்லை.

எங்களிடம் இருந்தது கிணற்றுக் குறிப்பேடு. முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, எத்தனையாவது முடிச்சு வரை நனைந்தது என்று குழுவினர் பல வருடமாக எழுதிவந்தார்கள். பக்கத்தில் ‘கலங்கல்’ என்றொரு கட்டம்: உண்டு, இல்லை. சுரங்கத்துக்காக நிலத்தில் ஆய்வுத் துளை போட்ட மாதங்களில் ‘உண்டு’ வரிசையாக வந்திருந்தது. மனுவின் உயிரே அந்தக் கட்டம்தான். சட்ட வாதங்களை நான் கூடியவரை குறைத்தேன். சிகரெட் நிறுவனமான பிலிப் மாரிஸ் உருகுவே மேல் போட்ட வழக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் கருத்துரைக்கு 2016 தீர்ப்பில் மதிப்புக் கிடைத்ததற்கும், அது தனக்குத் தெரிந்த துறையைப் பற்றிப் பேசியதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த கத்தி, சுதந்திரமான தரப்பா என்ற கேள்வி. ஜிம்பாப்வே தோட்ட நில வழக்குகளில் 2012இல் பழங்குடிச் சமூகங்களின் மனு நிராகரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். விவகாரத்தில் கணிசமான அக்கறை வேண்டும் என்கிறார்கள், யாரையும் சார்ந்திருக்கவும் கூடாது என்கிறார்கள்; பாதிக்கப்பட்டவர்களுக்கு இது லேசான காரியமில்லை. புதிய விதி, யாருடன் தொடர்பு, யார் பண உதவி செய்கிறார்கள் என்பதையும் கேட்கிறது. குழுவில் ஒருவர் முன்பு அரசு அளவைத் துறையில் வேலை பார்த்தவர். அதையும் எழுதிவிட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் தோண்டி எடுத்துக் கொடுப்பதைவிட நாமே சொல்வது நல்லது.

முதலீட்டாளர் தரப்பு எதிர்பார்த்தபடியே எதிர்த்தது: இவர்கள் அரசின் நிழல். அரசுத் தரப்பின் கடிதம்தான் வேடிக்கை. மனுவை எதிர்க்கவில்லை, ஆனால் ஆய்வுத் துளைகளை யார் கண்காணித்தார்கள் என்ற பகுதியை நீக்கச் சொன்னது. நிழலுக்கு உடம்பு தரும் மரியாதை அவ்வளவுதான் போல.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. பக்க வரம்பு உண்டு, தண்ணீர் பற்றி மட்டும் பேசலாம். வழக்கு ஆவணம் எதுவும் தரப்படவில்லை. ஒரு தரப்பு மறுத்தாலே போதும், விதி அப்படி. விசாரணையும் மூடிய அறையில். அதற்கும் ஒரு தரப்பின் மறுப்பே போதும். டான்சானியா தண்ணீர் வழக்கில் 2007இல் அமைப்புகளுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ராலின், 2014 ஏப்ரலில் வந்த வெளிப்படைத்தன்மை விதிகளில் ஆவணமும் விசாரணையும் பொதுவில் இருப்பதே வழக்கம், மறைப்பது விதிவிலக்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முந்திய ஒப்பந்தங்களுக்கு அவை தாமாகப் பொருந்தாது. பழையவற்றையும் சேர்க்க மொரிஷியஸ் உடன்படிக்கை 2017இல் அமலுக்கு வந்தது. சேர்ந்த நாடுகள் கொஞ்சம்தான். எங்களுடையது பழைய ஒப்பந்தம். என்னைக் கேட்டால், ஒரு தரப்பின் ‘வேண்டாம்’ கதவை மூடுகிற இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கருத்துரை போன பிறகு இரு தரப்பும் அதற்குப் பதில் எழுதின. கயிற்று முடிச்சு அளவு அறிவியல் முறையல்ல என்று முதலீட்டாளரின் நிபுணர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அதற்கு மறுபதில் தர விதி எங்களுக்கு உரிமை தரவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்த பிறகும், 60 நாளுக்குள் ஒரு தரப்பு எழுத்தில் ஆட்சேபித்தால் முழுத் தீர்ப்பு வெளியாகாது. சட்டக் காரணங்கள் உள்ள பகுதிகளை மட்டும் இக்சிட் எடுத்துப் போடும். கிணறு அதில் வருமா என்று பார்க்க வேண்டும்.