சால்மோனெல்லாவை எங்கள் கோழி ஷெட்டிலிருந்து விரட்டிய அனுபவம்

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் ஷெட் இருக்கிறது. 3,000 கறிக்கோழி நிற்கும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். ஷெட்டும் கரண்டும் உழைப்பும் எங்களுடையது. எடைக்குத் தகுந்த வளர்ப்புக் கூலி. போன ஆவணியில் குஞ்சு இறக்கிய அன்று என் ஆறு வயது மகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தக் கீற்று. "வீட்ல கோழி உண்டா?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. பரிசோதனையில் வந்தது சால்மோனெல்லா, கோழிக் குடலில் இருந்து மனிதருக்கும் தொற்றுகிற கிருமி.

ஒரு வாரத்தில் பிள்ளை தேறிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போனது. ஷெட்டில் ஒரு கோழிகூட சோர்ந்து நிற்கவில்லை. நன்றாகத் தின்றது, எடையும் ஏறியது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அது எல்லா ஷெட்லயும் உள்ளதுதான் அண்ணே, விடுங்க" என்றார். விட மனசில்லை.

தெரிந்த கால்நடை மருத்துவர் வந்தார். காலணிக்கு மேல் ஈரத்துணி உறையை மாட்டிக்கொண்டு ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். கழிவும், தரையில் விரித்த தேங்காய் நார்த்தூளும் ஒட்டிய உறையை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் போனில் படம் வந்தது: சிவப்புத் தட்டில், நடுவில் கறுப்பு வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தக் கிருமி எங்கள் ஷெட்டில் இருந்தது.

உடனே மாத்திரை கேட்டேன். அவர் தரவில்லை. ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் கோழி கிருமியைக் கழிப்பது கொஞ்ச நாள் குறையும், நிறுத்தினால் திரும்பவும் வரும், மிஞ்சுகிற கிருமி மருந்துக்கும் கேட்காது என்றார். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வரும். பொரிக்கும் இடத்தில் குஞ்சு உடைத்து வரும்போது பறக்கிற தூசியில் ஒன்றிலிருந்து நூறுக்குப் பரவும். பிறந்த முதல் நாட்களில் குஞ்சின் குடலில் நல்ல கிருமி இல்லாததால் கொஞ்சம் உள்ளே போனாலே போதும். அதெல்லாம் என் கையில் இல்லை. ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குத் தாவுவதைத் தடுப்பது என் கையில்தான் இருந்தது.

அதுவரை நான் செய்ததெல்லாம் தப்பு. நார்த்தூளை மேலாக வாரிவிட்டு, தூசி மேலேயே கிருமிநாசினி மருந்து அடிப்பேன். அழுக்கு இருக்கிற இடத்தில் மருந்து அழுக்கோடு சேர்ந்தே செத்துப்போகும். இந்தத் தடவை கடைசிப் பொடி வரை அள்ளி, மூடிய வண்டியில் ஏற்றி அனுப்பினோம். முன்பெல்லாம் ஷெட் ஓரத்து வாழைக்குத்தான் போடுவோம். அங்கிருந்து எலி திரும்பக் கொண்டுவரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் மருந்து. அந்தக் காயவிடுவதுதான் பெரிய பாடு. ஐப்பசி மழை. நம்ம ஜில்லாவில் இரண்டு பருவமழையும் பெய்யும். திரைச்சீலையைத் தூக்குவதும் இறக்குவதுமாக 24 நாள் ஷெட் காலியாகக் கிடந்தது. கூலி இல்லாத 24 நாள்.

தண்ணீர்க் குழாயின் கடைசி மூடியைத் திறந்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் நாள் குஞ்சுகளுக்கு விடுகிற வெல்லத் தண்ணீரும் வைட்டமினும் உள்ளே படிந்து, பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று விரலில் நூலாக வந்தது. கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நிரப்பி ஓரிரவு வைத்து, காலையில் அலசிவிட்டோம். மறுநாள் சுவர் வெடிப்பைக் குடைந்தால் கறுப்பு வண்டுகள். நார்த்தூளில் வாழ்கிறவை, ஷெட் காலியானால் வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டு, புதுக் குஞ்சு வந்ததும் இறங்கும். குஞ்சு அதைக் கொத்தித் தின்னும், அதோடு கிருமியும் உள்ளே போகும். சிமென்ட் வைத்து எல்லாவற்றையும் அடைத்தேன். சுற்றி எலிப் பொறி.

அடுத்த பேட்ச். பரிசோதனை முடிவு, மறுபடியும் இருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தபோது பிடிபட்டது கூடை. கோழி தூக்க நாலைந்து நாள் வண்டிகள் வரும். ஊர் ஊராகக் கடைக்குப் போய்வந்த கூடைகளில் பழைய எச்சம் காய்ந்து கிடக்கும். அதே கூடை, அதே செருப்பு, இன்னும் தூக்காத கோழிகளுக்கு நடுவில். தூக்குவதற்கு முன் தீவனம் நிறுத்துவதால் பசித்த கோழி நார்த்தூளைக் கொத்தி, கழுத்தடியில் உள்ள தீனிப்பையை அதனாலேயே நிரப்பிக்கொள்ளும். கடையில் அது கிழிந்தால் கறியெல்லாம் படும். இறகு பிடுங்கும் மெஷினின் ரப்பர் விரல்கள் அடுத்த கோழிக்கும் தடவும்.

அதனால் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஒரே நாளில் தூக்க வைத்தேன். கூடை கழுவாத வண்டி வாசலுக்குள் வராது. ஷெட்டுக்குள் போடும் செருப்பு வேறு, வெளிச்செருப்பு வேறு.

மயினி கேட்டாள், "அப்போ நாம கறி திங்கலாமா, வேண்டாமா?" நன்றாக வெந்தால் கிருமி சாகும், பச்சைக்கறி வெட்டின பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீங்க என்றேன். கிருமி சுற்றிலும் தெறிக்கும் என்று பச்சைக்கறியைத் தொட்டியில் பீச்சியடித்துக் கழுவுவதையும் அன்றோடு நிறுத்தினார்கள்.

மூன்றாவது பேட்ச், தை மாதம். ஐந்தாம் நாள் போனில் வந்த தட்டில் கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அன்று மாலை மகன் ஷெட் வாசலில் நின்றான். உள்ளே விட்டேன், குஞ்சைத் தூரத்திலிருந்து பார்த்தான். வெளியே வந்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.