ரிமூவ் செய்தேன், போகவில்லை

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில். பில் போடுகிற கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். அறுவடை நேரம், வாசலில் மூட்டைகளோடு டிராக்டர்கள் நிற்க, பில் பக்கம் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தரும் வெப் சர்வரான அப்பாச்சியின் கன்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் முந்தின நாள் நான் கைவைத்ததன் பலன்.

எந்த வரியில் பிழை என்று தேடப் பொறுமையில்லை. புரோகிராமை நீக்கும் 'ஆப்ட் ரிமூவ்' கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அதே பிழை, அதே வரி எண். ரிமூவ் புரோகிராமை மட்டும்தான் எடுக்கும். இடிசி ஃபோல்டரில் உள்ள கன்ஃபிக்கைத் தொடாது.

கோபத்தில் மறுபடி ரிமூவ் செய்து, அப்பாச்சி ஃபோல்டரையே கையால் அழித்தேன். திரும்ப இன்ஸ்டால் செய்தால் முக்கியமான ஃபைல்கள் எதுவும் வரவில்லை. உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ்களை, அதாவது புரோகிராம் பொதிகளைக் கையாளும் டிபிகேஜி, கன்ஃபிக் ஃபைலை நாமே அழித்தால் அதை நம் முடிவாக மதிக்கும்; கேட்காமல் திரும்ப வைக்காது. ரொம்ப மரியாதைதான், அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது.

"என்ன தம்பி, இருந்ததும் போச்சா?" என்றார் மில்காரர்.

"இல்லண்ணே, அஞ்சு நிமிஷம்."

'பர்ஜ்' செய்தால் பேக்கேஜோடு சேர்த்து அதன் கன்ஃபிக் பதிவும் போகும். அப்புறம் இன்ஸ்டால் செய்ததும் எல்லாம் புதிதாக வந்தது. மில்லுக்கென்று நான் எழுதி வைத்திருந்த அமைப்பு மட்டும் போனது போனதுதான். அதை நினைவிலிருந்து எழுத ஒரு மணி நேரம் ஆனது.

குறுவை அறுத்த தாள் நிற்கும் வயலில்தான் இங்கே தாளடி நடுவார்கள். ரிமூவ் விட்டுவைப்பதும் அப்படித்தான், மறுபடி வருபவனுக்காக. பர்ஜ் கூட மண்ணுக்கடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு வரை போகாது: ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கும்.

கூட்டம் குறைந்ததும் டிபிகேஜி பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் வரிசையாக நின்றன: பேக்கேஜ் போய்விட்டது, கன்ஃபிக் மிச்சம். எப்போதோ விற்றுவிட்ட பிரின்டரின் டிரைவர்கூட இருந்தது. ஒவ்வொன்றாகப் பர்ஜ் செய்துகொண்டே வந்தவன் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் புரோகிராமின் பெயரில் நின்றேன். பழைய பில் சாஃப்ட்வேர் காலத்து மிச்சம். அதைப் பர்ஜ் செய்தால் டேட்டாபேஸையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' தட்டினால் பழைய நெல் கணக்கு முழுக்கப் போய்விடும்.

மில்காரரிடம் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. நாலு பேரு பாக்கி அதுல இருக்கு."