பூங்காவுக்கு எத்தனை வாசல்?

ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது மளமளவெனக் குறைகிறது, பையன்கள் குறைவதில்லை. 1990களின் நடுவில் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் நடந்த ஆய்வு கண்டது இது. பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், கம்பி வேலியைப் பாருங்கள். நாலு பக்கமும் அடைத்த பந்துத் திடல், ஒரே ஒரு குறுகலான வாசல். அங்கே நாலு பையன்கள் சாய்ந்து நின்றால் போதும், எந்தப் பெண் பிள்ளை இடித்துக்கொண்டு உள்ளே போவாள்?

1999இல் அங்கே மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். பெரிய வெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். நடைபாதை போட்டார்கள், வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் விட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

உங்கள் வார்டில் பூங்கா வரைபடம் வந்தால் முதலில் வாசல்களை எண்ணுங்கள். எதிரெதிராகக் குறைந்தது இரண்டு வாசல், அகலமாக வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.